கொங்குல கூட்டா நிலம் வாங்கிக் குடியேறுறது: பணம் கட்டறதுக்கு முன்னாடி என்ன பேசி முடிக்கணும்?

அமராவதிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரியும் கோயமுத்தூர்ல வேலையில இருக்கறோம், ஏழு வயசுல ஒரு பொண்ணு. நண்பர்கள் எட்டுக் குடும்பம் சேர்ந்து மூலனூருக்கும் வெள்ளகோயிலுக்கும் நடுவுல இருபது ஏக்கர் மேட்டாங்காடு பார்த்து வெச்சிருக்கோம். மண்ணுல வீடு, எல்லாருக்கும் ஒரே சமையல்கட்டு, சூரிய மின்சாரம், ரசாயனம் போடாத வெள்ளாமை, நாலஞ்சு நாட்டு மாடு, இதுதான் எண்ணம். கடவூர்ல இயற்கை விவசாயி நம்மாழ்வார் ஐயா தொடங்குன வானகம் பண்ணையில பயிற்சி எடுத்தவங்க எங்க கூட்டத்துல இருக்காங்க. ஆரோவில்ல தங்கி வேலை செஞ்சவங்களும் இருக்காங்க. உழைக்கறதுக்கு யாரும் தயங்கலை.

தை பொறந்ததும் அட்வான்ஸ் கொடுத்தாகணும். தண்ணி எப்படி, நிலம் யார் பேர்ல இருக்கணும், ஊர்க்காரங்க எப்படி எடுத்துக்குவாங்க, பொண்ணோட படிப்புக்கு என்ன வழி? இப்படி இடத்துல இருக்கறவங்க, இருந்துட்டு வந்தவங்க, பக்கத்துத் தோட்டத்துல இருந்து பாக்கறவங்க எல்லாரும் மனசுல பட்டதைச் சொல்லுங்க.

கிளுவைவேலி எழுதியது:

காங்கயத்துக்குத் தெக்கால இப்படி ஒரு இடத்துல பல வருசமாக் குடியிருக்கேன். தண்ணியில இருந்து ஆரம்பிக்கறேன்.

நீங்க சொல்ற பக்கம் வருசத்துக்கு 600 மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் மழை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் மழை மறைவு. ஆனி ஆடியில பாலக்காட்டுக் கணவாய் வழியாக் காத்து வரும், மழை பெருசா வராது. நம்ம மழை ஐப்பசி கார்த்திகைதான். கணக்குப் போட்டுப் பாருங்க: 1,000 சதுர அடிக் கூரையில 600 மி.மீ. பேஞ்சா 55,000 லிட்டர் சொச்சம். ஓடு குடிக்கறது, முதல் மழையைக் கழிச்சு விடறது எல்லாம் போக 45,000 லிட்டர் கைக்கு வரும். எட்டுக் குடும்பத்துல முப்பது பேர்னு வெச்சு, ஆளுக்கு 50 லிட்டர்னு சிக்கனமாப் புழங்குனா நாளுக்கு 1,500 லிட்டர். அப்ப ஒரு கூரை ஒரு மாசம் தாங்கும், எட்டுக் கூரையும் சேர்ந்தா எட்டு மாசம். ஆனா அதுல பெரும்பங்கு ரெண்டு மாசத்துக்குள்ள வந்துரும். பிடிச்சு வைக்கத் தொட்டி வேணும். வீட்டு வேலைக்கு முன்னாடி தொட்டிக்குப் பணம் ஒதுக்குங்க.

எங்களது நிலத்துக்கடியில கட்டுன தொட்டி. கூரைத் தண்ணி அதுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சின்னத் தொட்டி, அதுல கூழாங்கல், மணல், கரி அடுக்கியிருக்கோம். முதல் மழைக்குக் குழாயைத் திருப்பி வாழைக்கு விட்டுருவோம். ஓட்டு மேல கிடக்கற மயில் எச்சம், புழுதி, வேப்பஞ்சருகு எல்லாம் கரைஞ்சு கடுங்காப்பி நிறத்துல வரும். சொம்புல பிடிச்சுப் பார்த்து, அடி தெரியற அளவுக்குத் தெளிஞ்ச பொறகுதான் தொட்டிக்கு விடுவோம். இதுக்கு மழை நேரத்துல ஒரு ஆள் நனைஞ்சுக்கிட்டு நிக்கணும். யார் நிக்கறதுங்கறது எங்க முறைப்பட்டியல்லயே இருக்கு.

போர் போட்டாத் தண்ணி வரும்னு நிலத்துக்காரர் சொல்வார். பல்லடம், அவிநாசிப் பக்கம் ஆயிரம் அடி தாண்டியும் புகை மட்டும் வந்த குழிக எத்தனையோ. பக்கத்துத் தோட்டத்துக் கிணத்துல சித்திரையில எத்தனை அடியில தண்ணி நிக்குதுன்னு போய்ப் பாருங்க. உப்பு எவ்வளவுன்னு சோதனைக்குக் கொடுங்க. நொய்யல்ல ஒரத்துப்பாளையம் அணையைச் சுத்தி திருப்பூர்ச் சாயத்தண்ணியால கிணறுக கெட்டுப் போனது நமக்கெல்லாம் தெரியும். 2011-ல உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பின்னாடியும் அந்த மண்ணு உடனே தேறலை. உங்களது அமராவதிப் பக்கம்தான், ஆனாலும் சோதிக்காம விடாதீங்க.

பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் பக்கத்துல இருக்குன்னு யாராவது ஆசை காட்டுனா மயங்காதீங்க. பாசனத்தை நாலு மண்டலமாப் பிரிச்சு முறை வெச்சுத்தான் தண்ணி விடறாங்க. வெள்ளகோயில், காங்கயம் கடைமடைக்காரங்க அந்தத் தண்ணிக்காகப் போராடறவங்க. வாய்க்கால் ஓரமாக் குழி தோண்டி இழுத்தா அவங்க வாய்ல இருந்து எடுக்கறோம்.

இன்னொண்ணு. விவசாயத்துக்கு 1990-ல இருந்து இலவச மின்சாரம் இருக்கு. அந்த இணைப்புல இருந்து வீட்டுக்கு, சமையல்கட்டுக்கு ஒரு பல்பு கூட எடுக்கக் கூடாது. வீட்டுக்குத் தனி இணைப்பு வாங்குங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். அந்த இருபது ஏக்கர்ல கொரங்காடு இருக்கானு பாருங்க. கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, அங்கங்க வெள்வேல மரம் இருந்தா அதுதான். பார்க்கறதுக்குத் தரிசாத் தெரியும். காங்கயம் மாடும் செம்மறியும் அந்தப் புல்லுல வளர்ந்ததுதான், வெள்வேலங்காய் கோடையில ஆட்டுக்குத் தீவனம். புதுசா வர்றவங்க அதை ஓட்டிப்போட்டுக் காய்கறி போடப் பார்க்கறாங்க. அந்தப் புல்லு பல தலைமுறை மேய்ச்சல்ல நின்னது. தயவு செஞ்சு ஏர் வெக்காதீங்க.

பத்திரம் எழுதியது:

நிலப் பத்திர வேலையில இருக்கேன். தமிழ்நாட்டுல விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம், அதுல தடை இல்லை. சிக்கல் அதுக்கு அப்புறம்.

எட்டுப் பேர் பேர்லயும் ஒரே கிரயம் எழுதினா கூட்டுப் பட்டா வரும், ஒவ்வொருத்தருக்கும் பிரிபடாத பங்கு. ஒருத்தர் மனசு மாறினா பாகப்பிரிவினை கேட்டு நீதிமன்றம் போக அவருக்கு உரிமை உண்டு. பிரிக்க முடியாத சொத்துன்னா விற்றுப் பணத்தைப் பங்கு வைக்கச் சொல்லவும் 1893-ஆம் வருசப் பாகப்பிரிவினைச் சட்டத்துல இடம் இருக்கு. ஒருத்தர் காலமானா வாரிசுகள் எல்லாரும் பங்குதாரர் ஆவாங்க. அவங்களுக்கு உங்க கொள்கையில பிடிப்பு இருக்கணும்னு கட்டாயம் இல்லை.

பொது அறக்கட்டளை பேர்ல வாங்கினா நிலம் பத்திரமா இருக்கும், ஆனா போட்ட பணம் திரும்ப வராது. அதை முழு மனசோட ஏத்துக்கறவங்க மட்டும் அந்த வழிக்குப் போகணும். சங்கமாப் பதியலாம், 1975-ஆம் வருசத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும். வருசா வருசம் பொதுக்குழு, கணக்கு எல்லாம் ஒழுங்கா நடத்தற ஆள் உங்கள்ல இருக்காரா?

இன்னொரு ஆசையும் வரும்: ஆளுக்கு அஞ்சு சென்ட் வீட்டுக்குப் பிரிச்சுக்கலாம், மீதி பொதுன்னு. அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவாப் பார்த்துப் பதிவாளர் நிறுத்திருவார். அதைத் தொடக்கத்துலயே கேட்டுத் தெரிஞ்சுக்குங்க.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் தனியா ஒரு உடன்படிக்கை எழுதுங்க. வெளிய போறவர் பங்கை முதல்ல மத்தவங்களுக்குத்தான் கொடுக்கணும், என்ன விலைக்கு, எத்தனை மாசத்துக்குள்ள, வீடு கட்டின செலவுக்கு என்ன மதிப்பு, எல்லாம் அதுல வரணும். பங்கு கிரயமாக் கைமாறும்போது அரசு வெச்ச வழிகாட்டி மதிப்புல முத்திரைத் தீர்வை 7 சதம், பதிவுக் கட்டணம் 2 சதம். அது யார் செலவுன்னும் எழுதுங்க. சேர்ற நாள் எல்லாரும் சந்தோசமா இருப்பாங்க, அன்னைக்கு இதைப் பேசறது யாருக்கும் பிடிக்காது. அன்னைக்குத்தான் பேச முடியும்.

ஓட்டுவீடு எழுதியது:

பத்திரம் அண்ணன் சொன்ன கடைசிப் பத்தியை நாலு தடவை படிங்க. நான் இப்படி ஒரு இடத்துல இருந்துட்டு வெளிய வந்தவ. ஊரும் பேரும் வேண்டாம்.

மண்ணு நல்ல மண்ணு. மனுசங்களும் நல்லவங்கதான். விடிகாலையில எந்திரிச்சுச் சாளையில (தோட்டத்து வீடு) இருந்து மாடு கட்டற கட்டுத்தரைக்கு நடந்து போற சுகத்தை நான் இன்னும் மறக்கலை. ஆனா நீங்க "ஒரே சமையல்கட்டு"ன்னு ஒரு வார்த்தையில எழுதிட்டீங்களே, அதைப் பத்தித்தான் சொல்லணும்.

முப்பது பேருக்குக் களி கிண்டறது எப்படின்னு பாத்திருக்கீங்களா? அண்டாவைக் கவைக்கட்டையில அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு, துடுப்பை ரெண்டு கையாலயும் சுத்தணும். ஒரு ஆள் விட்டா அடி பிடிச்சுரும். வெந்ததும் சூட்டோட உருட்டணும். அதுக்குள்ள வெறகு தணிஞ்சுருக்கும், கைக்குழந்தை அழுதுக்கிட்டிருக்கும். செவுத்துல ஆம்பளைங்க பேரும் முறைப்பட்டியல்ல இருந்துச்சு. மழை பேஞ்சா அவங்க காட்டுக்குப் போயிருவாங்க, வெளியூர்ல இருந்து பார்க்க வர்றவங்க வந்தா அவங்ககூட உக்காந்து பேசப் போயிருவாங்க. மிச்சம் நாங்க. கூட்டத்துல கேட்டா, காட்டு வேலை அவசரம்னு சொல்வாங்க. பசிக்கு அவசரம் இல்லையா?

பார்வையாளர்களைப் பத்தியும் முன்னமே பேசுங்க. அவங்களுக்குச் சோறாக்கறவங்களையும் கேட்டு, மாசத்துக்கு எத்தனை பேர்னு ஒரு அளவு வைங்க. வயசான மாமியார் மாமனாருக்கு முடியாமப் போனா யார் பார்க்கறது, ராத்திரி ஆஸ்பத்திரிக்கு எந்த வண்டி, அந்தச் செலவு பொதுவா சொந்தமா, இதெல்லாம் எங்க விதிகள்ல இல்லை. உரம் எப்படி மக்க வைக்கறதுன்னு பத்துப் பக்கம் இருந்துச்சு.

வெளிய வர்றப்ப எங்க பங்கை எப்படித் திருப்பித் தர்றதுன்னு யாருக்கும் தெரியலை. தரமாட்டோம்னு யாரும் சொல்லலை. கையில பணம் இல்லை, விதியும் இல்லை. பல வருசம் இழுத்து, கொஞ்சம் கொஞ்சமா வந்து சேர்ந்துச்சு. அந்த இழுபறியில, உசுருக்கு உசுரா இருந்த சிநேகிதிங்க முகம் பார்க்கச் சங்கடப்பட ஆரம்பிச்சாங்க. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறலை.

அதனால நிலம் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடிச்சு, எட்டுக் குடும்பமும் ஒரு வருசம் சேர்ந்து இருங்க. சித்திரை வெயில்ல தண்ணி இல்லாம ஒருத்தரை ஒருத்தர் பாருங்க. ஐப்பசி அடைமழையில வெறகு நனைஞ்சு கிடக்கறப்பப் பாருங்க. அப்புறம் கிரயம் பேசுங்க.

இட்டேரி எழுதியது:

நமக்கு வெள்ளகோயில் பக்கம் தோட்டமுங்க. கம்பு, சோளம், முப்பது உருப்படி செம்மறி. எங்க பக்கத்துல ஒரு கூட்டம் இப்படி வந்து குடியிருக்காங்க. நல்லவங்கதான். அவங்களால எங்களுக்கு ஆன நல்லதும் உண்டு, கொழந்தைகளுக்குச் சாயந்திரம் பாடம் சொல்லிக் குடுக்கறாங்க. ஆனா தம்பி, ஊர் எப்படி எடுத்துக்கும்னு நீங்க கேட்டதால மனசு விட்டுச் சொல்றேனுங்க.

நாய் விசயம் முதல்ல. காங்கயம், வெள்ளகோயில், தாராபுரம், சென்னிமலைன்னு எல்லாப் பக்கமும் தெருநாய் கூட்டமா வந்து பட்டிக்குள்ள பூந்து ஆட்டைக் கடிச்சுக் கொல்லுது. ஒரு ராத்திரியில பட்டியே போயிருது. இழப்பீடு கேட்டு விவசாயிக ரோட்டுல உக்காந்தாங்க, பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. அந்த நேரத்துல எங்க பக்கத்துல குடியிருக்கற கூட்டத்துக்காரங்க பாவம்னு நாலு நாய்க்குச் சோறு போட்டு வளர்த்தாங்க. கட்டி வைக்கலை. எங்க அம்மிச்சி வளர்த்த சினை ஆடு ரெண்டு போச்சு. நாங்க போய்ச் சொன்னோம், அவங்களும் கேட்டுக்கிட்டாங்க, இப்பக் கட்டித்தான் வெச்சிருக்காங்க. மொதல்லயே ஒரு வார்த்தை பேசிப் பழகியிருந்தா அந்த ஆடுக தப்பிச்சிருக்கும். மயிலும் அப்படித்தானுங்க. உங்களுக்கு அழகு, எங்களுக்கு வெதைச்ச அன்னைக்கே வெதை காணாமப் போகுது. அதை விரட்டறவனைப் பார்த்து நீங்க மொகம் சுளிக்காதீங்க.

தடம் இன்னொண்ணு. அந்தக் காட்டுக்குப் போற இட்டேரி (ரெண்டு பக்கமும் வேலி இருக்கற தடம்) வழியில யார் யாருக்குப் பாத்தியம்னு பத்திரத்துல இருக்கறது ஒண்ணு, ஊர்ல நடக்கறது ஒண்ணு. மேய்ச்சலுக்கு ஆடு ஓட்டிட்டுப் போற தடத்தை நீங்க கம்பி வேலி போட்டு அடைச்சீங்கன்னா அன்னைக்கே பகை.

வந்தா ஊரோட வாங்க. எழவுக்கு வாங்க, கல்யாணத்துக்கு மொய் வைங்க, மாரியாத்தா நோம்பிக்கு வரி கேட்டு வருவாங்க, குடுங்க. கிராமசபைக்கு வந்து உக்காருங்க. காட்டு வேலைக்கு ஆள் கூப்பிட்டா ஊர்க் கூலியைக் குடுங்க, "சேவை"ன்னு சொல்லிச் சும்மா வேலை வாங்காதீங்க. உயர்மின் கோபுரம், எண்ணெய்க் குழாய்னு எங்க நிலத்துல வந்தப்ப நாங்க எல்லாரும் சேர்ந்துதான் நின்னோம். நாளைக்கு உங்க காட்டுல வந்தா உங்களுக்கு நிக்கறதும் நாங்கதானுங்க.

அமராவதிக்கரை எழுதியது:

இட்டேரி அண்ணா, ரொம்ப நன்றிங்க. நாய் விசயம் நாங்க யோசிக்கவே இல்லாதது.

ஒண்ணு கேக்கத் தயக்கமா இருக்கு, ஆனாக் கேட்டாகணும். எங்க எட்டுக் குடும்பத்துல எல்லாச் சாதியும் உண்டு. ஒரே பந்தியில சாப்பிடறவங்க. அது ஊர்ல எப்படிப் போகும்?

திருச்செங்கோட்டுப்பக்கம் எழுதியது:

ஓய்வு பெற்ற ஆசிரியர். இந்தக் கேள்விக்கு நம்ம நாட்டுலயே நூறு வருசத்துக்கு முன்னாடி நடந்த ஒரு காரியம் இருக்கு. 1925 பிப்ரவரியில் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். நிலம் கொடுத்தவர் புதுப்பாளையம் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர். ராஜாஜி சேலத்து வக்கீல் தொழிலை விட்டவர், பிள்ளைகளோடு அங்கேயே வந்து தங்கினார். ஆசிரமத்துக்குள் தாழ்த்தப்பட்டவர்களும் மற்றவர்களும் ஒன்றாக இருந்தார்கள், ஒன்றாக உண்டார்கள். சுற்றியிருந்த ஊர்களுக்கு அது பிடிக்கவில்லை, எதிர்ப்பு வந்தது. அதற்காக அவர்கள் பந்தியைப் பிரிக்கவில்லை.

மழை பொய்த்த காலத்தில் சுற்றுப்புறப் பெண்களுக்கு நூற்புக் கூலி அந்த ஆசிரமம் வழியாகத்தான் போனது. பஞ்சு வாங்கிக்கொண்டு போய் நூலாகக் கொண்டு வந்து கொடுத்துக் காசு வாங்கினார்கள். மனத்தாங்கல் குறைந்தது அந்த வரவு செலவில்தான் என்று நினைக்கிறேன். தம்பி, உங்கள் பந்தியை யாருக்காகவும் மாற்றாதீர்கள். கூலிக்கு வருகிறவர்களும் அதே பந்தியில், அதே தட்டில் சாப்பிட வேண்டும். வாசலில் உட்கார வைத்து வேறு டம்ளரில் தண்ணீர் கொடுப்பதை உங்கள் வளாகத்தில் ஒரு நாளும் நடக்க விடாதீர்கள். சிலர் சில காலம் உங்கள் வீட்டுப்பக்கம் வரமாட்டார்கள். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

படிப்புக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஊர் அரசுப் பள்ளியில் சேருங்கள். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்து தவிக்கிற பள்ளிக்கு உங்கள் குழந்தைகள் போனால் பள்ளி பிழைக்கும். காலை உணவும் 2022-ல் இருந்து கொடுக்கிறார்கள். வீட்டிலேயே படிக்க வைப்பதுதான் முடிவு என்றால், தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஆனால் உங்கள் பெண்ணுக்கு ஊரில் தோழிகள் வேண்டாமா?

மஞ்சக்காடு எழுதியது:

வருமானம் பத்தி யாரும் பேசலையே. மேட்டாங்காட்டுல சோளம், கம்பு, கொள்ளு போட்டுச் சோத்துக்கு ஒப்பேத்திரலாம். மருந்து, செல்போன், பெட்ரோல் எல்லாம் காசுலதான் வாங்கணும். மூலனூர் முருங்கைக்குப் பேர் போன இடம்தான், ஆனா எல்லாரும் ஒரே நேரத்துல அறுத்தா விலை தரையில கிடக்கும். பாதிப் பேராவது முதல் சில வருசம் வெளி வேலையைத் தொடருங்க, அதுல கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. இயற்கை வெள்ளாமைக்குக் குழுச் சான்று வாங்கற முறையில அஞ்சு விவசாயிக சேர்ந்தாலே போதும். அந்த அஞ்சு பேரைப் பக்கத்துத் தோட்டங்கள்ல தேடுங்க. இட்டேரி அண்ணன் சொன்ன பழக்கம் அதுலயே வந்துரும்.

கிளுவைவேலி எழுதியது:

மண் வீடு பத்தி ரெண்டு வரி. கண்ணாடி பாட்டில்ல மண்ணும் தண்ணியும் போட்டுக் குலுக்கி ஒரு நாள் வைங்க. மணல், வண்டல், களி அடுக்கடுக்கா உக்காரும். களி அதிகம்னா செவுரு வெடிக்கும். மேக்கால் செவுத்துல பெரிய சன்னல் வெக்காதீங்க, ஆடிக்காத்து ஓட்டைத் தூக்கிரும், புழுதி சோத்துல விழும். நம்ம பெரியவங்க கட்டுன சாளைகளை நாலு சுத்திப் பார்த்துட்டு வரைபடம் போடுங்க. மண்ணு வீடு மலிவுன்னு நினைச்சுக்கிட்டு வராதீங்க. சாமான் மலிவு, ஆள் கூலி அதிகம்.

அமராவதிக்கரை எழுதியது:

இது அவரோட கணக்குதான், எழுதறது வீட்டுக்காரி நான். ஓட்டுவீடு அக்கா எழுதினதை எங்க குழுவுல சத்தமாப் படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் நாலு மணி நேரம் பேசினோம். நிலத்துக்காரர்கிட்ட அட்வான்ஸ் தள்ளிப் போடறோம்னு சொல்லியாச்சு. அவர் வேற ஆளுக்குக் கொடுத்தாலும் கொடுக்கட்டும்.

தாராபுரம் பக்கம் கிணத்தோட ஒரு தென்னந்தோப்பு குத்தகைக்கு வருது, அஞ்சு குடும்பம் ஒரு வருசத்துக்கு வரத் தயார். மீதி மூணு குடும்பம் யோசிக்கறோம்னு சொன்னாங்க, அவங்க மேல எங்களுக்கு வருத்தம் இல்லை. சமையல் முறையில பேர் இருக்கறவர் வரமுடியலைன்னா தனக்குப் பதில் ஆளை அவரே ஏற்பாடு பண்ணணும், காட்டு வேலை சாக்கு இல்லைன்னு முதல் விதியா எழுதியாச்சு. வெளியேறும் விதியை எழுத உக்காந்தா வீட்டு மதிப்புல மாட்டிக்கிட்டோம். கட்டின செலவையே கொடுக்கறதா, தேய்மானம் கழிக்கறதா? பத்திரம் அண்ணா, சொல்லுங்களேன்.

பத்திரம் எழுதியது:

நல்ல முடிவும்மா. தேய்மானம் கழிங்க. வருசத்துக்கு இத்தனை சதம்னு முதல்லயே எண்ணைப் போடுங்க. நிலத்துக்கு அன்னைக்கு இருக்கற சந்தை விலையா, போட்ட பணத்தோட ஒரு சின்ன வட்டியான்னு அஞ்சு குடும்பமும் தனித்தனியாச் சீட்டுல எழுதி வைங்க, அப்புறம் சேர்ந்து பிரிச்சுப் படிங்க. சத்தமாப் பேசறவர் பக்கம் மத்தவங்க சாயாம இருப்பாங்க. பணம் கொடுக்கக் கெடு 12 மாசத்துல இருந்து 24 மாசத்துக்குள்ள ஏதாவது ஒண்ணு வைங்க, தவணையா இருந்தாலும் தேதி வேணும். அதுக்குன்னு மாசாமாசம் ஒரு தொகையைத் தனிக் கணக்குல போட்டு வாங்க, இல்லைன்னா விதி இருந்தும் பணம் இருக்காது.

குத்தகையையும் வாய்ப்பேச்சா விடாதீங்க, எழுதிக்குங்க. தேங்காய் யாருக்கு, மோட்டார் பழுதானா யார் செலவு, ரெண்டும் அதுல வரட்டும். அடுத்து எந்த நிலம் பார்த்தாலும் 30 வருசத்துக்கு வில்லங்கச் சான்று போட்டு, மூலப்பத்திரத்தோட சர்வே எண்ணை ஒத்துப் பார்த்துட்டுப் பேசுங்க.